சுடுதண்ணி காட்டுதல்

அன்று காலை கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே நாகேந்திரம் ஒரு மகத்தான தீர்மானத்துக்கு வந்தார். கட்டாரில் இருக்கும் மகள் வீட்டுக்கு எந்தச் சுடுதண்ணி ஹீற்றர் பொருத்தமானது என்பதை அவர் கடைசிவரைக்கும் தெரிவு செய்யவே போவதில்லை.

தெரியாமல் அல்ல. நன்றாகவே தெரியும். டோஹாவில் இருபத்திரண்டு வருடம் அடுக்குமாடிகளின் பராமரிப்பு ஃபோர்மனாக இருந்து, ஊரில் உள்ளவர்கள் தேங்காய் உரித்ததை விடக் கூடுதலாக ஹீற்றர்களைக் கழற்றிப் பூட்டியவர். எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றிப் பார்த்துப் படித்தார், கை சுட்டுப் படித்தார். ஒரு ஹீற்றரின் வயிற்றில் காதை வைத்தாரென்றால் அதன் வயதையும் வருத்தத்தையும் சொல்லிவிடுவார். அங்கே எல்லோருக்கும் அவர் 'நாகன் பாய்'. எகிப்துக்காரனுக்குச் சுடுதண்ணி வராவிட்டாலும் நேபாளிக்குத் தண்ணியே வராவிட்டாலும் நாகன் பாயைத்தான் தேடினார்கள்.

இப்போது எட்டு மாதமாக வெள்ளவத்தையில் இருக்கிறார். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடிப் பிளற். இங்கே ஒருவரும் தேடுவதில்லை. வந்த முதல் இரண்டு மாதத்தில் வீட்டிலிருந்த ஐந்து குழாய்களுக்கும் ஏழு தரம் வாசர் மாற்றினார். அதற்குப் பிறகு மாற்ற ஒன்றும் இல்லை. அறையிலிருந்து பல்கனிக்கும், பல்கனியிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து விரட்டப்பட்டு மறுபடி பல்கனிக்கும் நடந்தார். கல்கிசைப் பக்கம் போகும் ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்பிப் போய் நேரம் பார்த்தார். ரயில் நாலு நிமிடம் பிந்தினால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வரவேண்டிய கோபம் அவருக்கு வந்தது. சீனிப் பேணி எங்கே இருக்கிறது என்பதைச் சொந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் அறிந்தார். இருபத்திரண்டு வருடம் லீவில் வந்துபோன வீடு அது. இப்போது லீவு முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி இருக்கும்போதுதான் முந்தின நாள் இரவு மகள் உஷாந்தி வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள்.

மருமகன் சாரங்கனுக்குக் கொம்பனி டோஹாவில் ஒரு வீடு கொடுத்திருந்தது. வீடு இவர்களுக்குப் புதுசு, வீட்டுக்கு வயது போய்விட்டது. உள்ளேயிருந்த ஹீற்றர் துருவேறி ஓட்டையாகி, கழற்றி எறிந்தாயிற்று. எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், பூட்டித் தருகிறோம், ஆனால் கரண்ட்டைக் குடிக்கிற சாமானாக இருக்கக்கூடாது என்று கொம்பனி சொல்லிவிட்டதாம். அதே மூச்சில் உஷாந்தி இரண்டாவது சங்கதியையும் சொன்னாள். தாய் தகப்பனில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மாதம் வைத்திருக்கலாம். டிக்கெட் கொம்பனியின் கணக்கு. ஆனால் அந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு விருந்தாளிதான் தங்கலாம் என்பது சட்டம்.

"ஆர் வாறியளெண்டு நீங்கள் ரெண்டு பேருமே கதைச்சு முடிவெடுங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்தாள். நல்ல பிள்ளை. கைக்குண்டின் கிளிப்பைக் கழற்றி நடு ஹோலில் வைத்துவிட்டு, கதவையும் மெதுவாகச் சாத்திக்கொண்டு போகிற பிள்ளை.

நாகேந்திரம் இரவிரவாகக் கணக்குப் போட்டார். ஹீற்றர் பற்றித் தெரிந்தவர் ஒருவர் நேரே போய்ப் பார்த்தால்தான் சரிவரும் என்று ஆகிவிட்டால் போகவேண்டியவர் யார்? அவர்தான். ஆகவே இங்கேயிருந்து தெரிவு செய்துவிடக்கூடாது. அது திட்டத்தின் வலது கை. இடது கை, மனைவி பாலேஸ்வரிக்கு அந்த நாட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் ஆசை வராதபடி செய்வது.

இடது கையை முதலில் நீட்டினார்.

"இஞ்சேரும். டோஹா வெக்கை எப்பிடியெண்டு உமக்குத் தெரியுமோ?"

"நீங்கள் சொன்னால்தானே தெரியும்." பாலேஸ்வரி வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தா சுடுதண்ணி வரும்."

"நல்லதுதானே."

"நல்லதோ? கூரைத் தாங்கியில தண்ணி கொதிச்சுக்கொண்டு நிக்கும். குழாய்க்குக் கீழ முட்டையைப் பிடிச்சா மூண்டு நிமிசத்தில அவிஞ்சிடும்."

"அரை அவியலோ, முழு அவியலோ?"

"முழு அவியல்."

"ஐயோ!"

அந்த 'ஐயோ' அவருக்குத் தேனாக இருந்தது. "தேயிலையைப் போட்டுப் பிடிச்சா பிளேன்ரீ."

"சீனி?"

"சீனி நாங்கள்தான் போடோணும். றோட்டில நடந்தா தார் உருகிச் செருப்பு ஒட்டும். ஒருக்கா என்ர செருப்பு றோட்டிலேயே நிண்டிட்டுது. நான் மட்டும் வீட்டுக்கு வந்தனான்."

"கால்?"

"கால் என்னோட வந்திட்டுது."

"அந்த மட்டுக்கும் நல்லது," என்றாள் பாலேஸ்வரி. கத்தியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "எனக்கு இஞ்சத்தை வெக்கையே தாங்கேலாமல் கிடக்கு."

நாகேந்திரம் பல்கனிக்குப் போய் அந்தப் பக்கமாகப் போன ரயிலுக்குக் கையைக் காட்டினார்.

பிறகு வலது கை. ஒரு நீலக் கோப்பு வாங்கி அதில் 'ஹீற்றர் – டோஹா' என்று எழுதினார். வீதியிலிருந்த ஹாட்வெயார் கடைக்குக் கிழமைக்கு மூன்று தரம் போய், சுவரில் தொங்கிய ஹீற்றர்களைத் தட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், ஒன்றின் காதில் ஏதோ சொன்னதுபோலவும் இருந்தது. கடைக்காரப் பெண்மணி அவரைக் கண்டதும் "மஹத்தயா, ஆயெத் ஆவத?" என்றாள், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்ற அர்த்தத்தில். "நிக்கங் பலன்ன ஆவே," சும்மா பார்க்க வந்தேன், என்று கம்பீரமாகச் சொன்னார். நாலாம் தரம் அவர் படியேறும்போதே அவள் உள்ளே போய்விட்டாள்.

உஷாந்தி எடுக்கும்போதெல்லாம் அவரிடம் புதிதாகச் சந்தேகம் ஒன்று இருந்தது.

"பிள்ளை, பின்சுவர் எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"மேற்கு, அப்பா. போன கிழமையும் கேட்டனீங்கள்."

"சுவருக்கு என்ன நிறம்?"

"மணல் நிறம். இஞ்ச எல்லாமே மணல் நிறம்தான்."

"பக்கத்து வீட்டுக்காரர் எத்தினை மணிக்குக் குளிக்கிறவர்?"

"அப்பா! அதை நான் எப்பிடிப் போய்க் கேக்கிறது?"

"அதுதான் சொல்லுறன். இதெல்லாம் நேரில பாக்காமல் சொல்லேலாத விசயம். ஒரு ஆள் வந்து, நிண்டு, பாத்து…"

"இஞ்ச குளிர் தொடங்கீட்டுது அப்பா. சாரங்கன் பச்சைத்தண்ணியில குளிச்சுத் தும்மிக்கொண்டிருக்கிறார்."

"தும்மட்டும். அவசரப்பட்டா ஹீற்றர் பிழைக்கும்."

மருமகனின் தும்மல் தன் டிக்கெட்டை நெருங்கி வருகிற சத்தமாகவே அவருக்குக் கேட்டது.

இதற்குள் ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். அந்த ஐந்தாம் மாடிப் பிளற்றில் ஹீற்றர் கிடையாது. "கொழும்பில ஹீற்றர் என்னத்துக்கு? கடல் காத்தே சுடுகுது," என்று ஒவ்வொரு லீவிலும் அவர் சொல்லிவந்தார். பாலேஸ்வரிக்கு முழங்கால் நோவு. கேத்திலில் தண்ணி கொதிக்கவைத்து, வாளியில் ஊற்றி, குசினியிலிருந்து பாத்றூமுக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி கொண்டுபோவாள். நாகன் பாய் பல்கனியிலிருந்து "பாத்து, சிந்தப்போகுது," என்று நிபுணத்துவ ஆலோசனை வழங்குவார்.

நவம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் அவள் அந்தக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கொரு சந்தேகம்."

"கேளும், கேளும்." சந்தேகம் என்றால் அவருக்குப் பிடிக்கும்.

"குழாயைத் திறந்தாலே பிளேன்ரீ வரும் எண்டு சொன்னனீங்கள் எல்லோ?"

"ஓம். சீனி இல்லாமல்."

"அப்ப அங்க ஹீற்றர் என்னத்துக்கு?"

நாகேந்திரம் வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் ஒரு ரயில் போனது. அவர் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய நெருக்கடி.

"அது… அது வெய்யில் காலத்தில. குளிர்காலம் வேற. ஜனவரியில பாலைவனக் குளிர் எப்பிடியெண்டு உமக்குத் தெரியுமோ? பச்சைத்தண்ணியைத் தலையில ஊத்தினா வாயிலயிருந்து தமிழ் வராது. பல்லுத்தான் கதைக்கும்."

"அப்ப ஜனவரியில வெக்கை இல்லை?"

"இல்லை. இருக்கு. அதாவது மத்தியானத்தில… இல்லை."

"இருக்கோ, இல்லையோ?"

"இருக்குமாப்போல இருக்கும், ஆனா இராது."

"ம்," என்றாள் பாலேஸ்வரி.

அவளுடைய 'ம்' பெரிய சாமான். சில பேருக்கு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தாலும் வராத அர்த்தமெல்லாம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வெக்கையைச் சொல்லித்தான் நாகேந்திரம் இவளை மறித்தார். வெக்கை இல்லாத மாதம் ஒன்று இருக்கிறதென்று இப்போது தன் வாயாலேயே சொல்லிவிட்டார். உடனே வேறு வழியால் ஓடினார்.

"குளிர் எண்டா உம்மட முழங்காலுக்குக் கூடாது, பாத்துக்கொள்ளும்."

"சுடுதண்ணியில குளிச்சா முழங்காலுக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்."

"அங்க சுடுதண்ணி எங்க இருக்கு? ஹீற்றர்தான் இல்லையே!" மேசையைத் தட்டினார். வெற்றி அவருக்கே தெரிந்தது. "தெரிவு செய்தாத்தானே பூட்டுவினம்? தெரிவு செய்யிற ஆள் ஆர்? நான்."

"அப்ப, நீங்கள் தெரிவு செய்தாத்தான் நான் அங்க போய்க் குளிக்கலாம்."

"அதேதான்!"

"நல்லது," என்றாள் பாலேஸ்வரி.

அவள் எழும்பிப் போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சீனியும் அளவாக இருந்தது. தோற்றவர்கள் தேத்தண்ணி கொண்டுவருவார்கள் என்றுதான் நாகேந்திரம் விளங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. மூன்றாம் மாடி மஜீட் நானா. றியாத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர், வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். கையில் அவருடைய மனைவி அஸீஸா கொடுத்தனுப்பிய, பொரித்த றோல்ஸ் ஒரு தட்டு. பாலேஸ்வரியும் அஸீஸாவும் பின்னேரங்களில் லிஃப்ட் வாசலில் நின்று கதைக்கிற கூட்டாளிகள். என்ன கதைக்கிறார்கள் என்று இரண்டு புருசன்மாரும் ஒருபோதும் கேட்டதில்லை.

மஜீட் நானா உட்கார்ந்தார். பாலேஸ்வரி ஃபோனை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். நாடகம் பார்க்கிறாளாக்கும் என்று நாகேந்திரம் நினைத்தார்.

"மகளுக்கு ஹீற்றர் பாக்கிறீங்களாம்," என்று தொடங்கினார் மஜீட் நானா. "இதுல யோசிக்க என்ன ஈக்கிது? சோலர் போடுங்க. பாலைவனத்துல சூரியன் சும்மா ஈக்கிது. அல்லாஹ் தந்த நெருப்பு. அத வுட்டுட்டுக் கரண்ட்டுக்கு ஏன் போறீங்க?"

நாகேந்திரத்தின் வலது கண் துடித்தது. தீர்மானம் தீர்மானம்தான்.

"அதெல்லாம் நேரில பாத்துத்தான் முடிவெடுக்கலாம், நானா."

"நேர்ல பாக்க என்னத்த? சின்னப் புள்ளைக்கும் தெரீம். சோலர்தான்."

"விடுங்கோ நானா," என்றாள் பாலேஸ்வரி, றோல்ஸை இரண்டாகப் பிய்த்தபடி. "இவருக்கு அவ்வளவா விளங்குதில்லைப்போல கிடக்கு. மூண்டு கிழமையா யோசிக்கிறார், பாவம்."

இடது கண்ணும் துடித்தது.

"பாவம்தான்," என்று மஜீட் நானா தாடியைத் தடவினார். "நம்ம காலத்து வேல வேற. நாகன் பாய் எல்லாம் அந்தக் காலம். இப்ப டெக்னிக் எல்லாம் மாறீட்டு."

அவ்வளவுதான். எட்டு மாதம் மூடியிருந்த வால்வு திறந்தது.

"நானா! சோலரோ? டோஹாவில சோலரோ? தூசி தெரியுமோ உங்களுக்கு? காலமை துடைச்ச தட்டில பின்னேரம் பேர் எழுதலாம். கிழமைக்கு ரெண்டு தரம் கூரைக்கு ஏறித் துடைக்கிறது ஆர், நீங்களோ? இது கொம்பனி வீடு, கூரை எங்கட இல்லை. ஜூலையில அந்தச் சோலர்த் தாங்கி என்ன செய்யும் தெரியுமோ? கொதிச்சு, வால்வைத் தள்ளிக்கொண்டு, கூரையில நிண்டு துப்பும். தேவையில்லாத நேரத்தில அள்ளித் தாறதும் வீண்தான்!"

"அப்ப சாதாரண எலெக்ட்ரிக் ஹீற்றர்…" என்றாள் பாலேஸ்வரி மெதுவாக, ஃபோனைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பியபடி.

"அது அடுப்பு! கரண்ட்டை எரிச்சுத் தண்ணியைச் சுடவைக்கிறது ஒரு கெட்டித்தனமோ? அந்த நாட்டுக்கு ஏத்தது ஒண்டுதான். ஹீற் பம்ப்."

"ஹீற் பம்போ, ஹீற் பம்மாத்தோ," என்றார் மஜீட் நானா.

"பம்மாத்தோ? கேளுங்கோ! ஃபிரிஜ் என்ன செய்யுது? உள்ளுக்க இருக்கிற வெக்கையை இழுத்து வெளிய விடுது. இது அதைத் தலைகீழாச் செய்யும். வெளிய நிக்கிற வெக்கையை உறிஞ்சித் தண்ணிக்க விடும். டோஹாவில வெக்கைக்குப் பஞ்சமோ? ஜனவரி மத்தியானத்திலையும் போதிய சூடு காத்தில இருக்கு. ஒரு பங்கு கரண்ட் குடுத்தா மூண்டு பங்கு சூடு தரும். அதோட வாயால குளிர்காத்து விடும். அதைக் கொண்டுபோய்க் குசினிக்குப் பக்கத்து ஸ்டோர் அறையில வைக்கோணும். குசினிக்கும் குளிர்ச்சி, குளியலுக்கும் சூடு."

"எத்தினை லீற்றர்?" பாலேஸ்வரி.

"ரெண்டு பேருக்கு, விருந்தாளி ஒராளுக்கு, நூற்றைம்பது. இருநூறு எடுத்தா ஒருத்தரும் குளிக்காத தண்ணியைச் சூடாக்கி வைச்சுக் காவல் இருக்கிறதுதான் மிச்சம்."

"எத்தினை டிகிரியில வைக்கிறது?"

"அம்பத்தஞ்சில வைச்சா நாளாந்தத் தேவைக்குக் காணும். கிழமைக்கு ஒருக்கா அறுபதுக்கு ஏத்தி இறக்கோணும், தண்ணிக்குள்ள கிருமி பிடியாமல். மத்தியானம் பன்ரெண்டுக்கும் மூண்டுக்கும் இடையில ஓட விடோணும். அப்பத்தான் காத்து நல்ல சூடு, வேலை லேசு. தாங்கியிலயிருந்து குழாய்வரைக்கும் பைப்புக்குப் பஞ்சு உறை போடோணும். ஷவர்த் தலையைச் சிக்கனமானதா மாத்தினா அரைவாசி வேலை முடிஞ்சுது. வெய்யில் காலம் வந்தா ஆளை முழுசா நிப்பாட்டிப்போடலாம். வீட்டுக்குள்ள நிழல்ல நிக்கிற அந்தத் தாங்கியில தண்ணி ஆறிப்போயிருக்கும், கூரைத் தண்ணி கொதிக்கும். அப்ப குளிர் வேணுமெண்டா சிவப்புக் குழாயைத் திறக்கோணும், சூடு வேணுமெண்டா நீலக் குழாயை. இது ஒரு புத்தகத்திலையும் இல்லை. நான் கண்டுபிடிச்சது!"

நின்றுகொண்டிருந்தார். எப்போது எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. கையில் மஜீட் நானாவின் றோல்ஸ் இருந்தது, அரைவாசி கடிபட்டு. மூச்சு வாங்கியது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் வாய் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தரமாக, அந்த ஐந்தாம் மாடியில், நாகன் பாய் வீட்டில் இருந்தார்.

"இவ்வளவும் தெரியுமோ உங்களுக்கு!" என்றாள் பாலேஸ்வரி. அது நடிப்பில்லை. அதுதான் பிறகு யோசிக்கும்போது அவருக்கு ஆகவும் சுட்டது.

மறுநாள் காலை பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பியவர் லிஃப்ட்டில் மஜீட் நானாவைக் கண்டார்.

"மாஷா அல்லாஹ், நேத்து நல்லாப் பேசினீங்க," என்றார் நானா. "எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல, ஆனா கேக்க நல்லா ஈந்திச்சு."

"விளங்கேல்லையோ? சோலர் சோலர் எண்டு நிண்டியள்?"

"எனக்கு சோலரும் தெரியா, போலரும் தெரியா. றியாத்துல நான் டயர்க் கடையில கேஷியர். அஸீஸா துண்டுல நாலு வசனம் எழுதித் தந்து பாடமாக்கச் சொன்னா. 'நாகன் பாய் எல்லாம் அந்தக் காலம்' எண்டத மட்டும் கடைசியா வைங்க எண்டா. 'பம்மாத்து' நம்மட சொந்தச் சரக்கு."

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. நானா சலாம் சொல்லி இறங்கிப் போனார். மிச்ச இரண்டு மாடியும் நாகேந்திரம் மேலே போனாரா கீழே போனாரா என்று சொல்லமுடியாது.

கதவைத் திறந்தபோது பாலேஸ்வரி ஃபோனில் இருந்தாள். "இந்தா, அப்பா வந்திட்டார்," என்று நீட்டினாள்.

"அப்பா!" உஷாந்தியின் குரல் துள்ளியது. "அம்மா அனுப்பின வொய்ஸ் நோட் கிடைச்சது. பதினொரு நிமிசம்! சாரங்கன் ரெண்டு தரம் போட்டுக் கேட்டு ஒண்டும் விடாமல் எழுதி எடுத்தவர். காலமை கொம்பனி என்ஜினியருக்குக் குடுத்தா, மனிசன் எழும்பி நிண்டு வாசிச்சாராம். 'உங்கட மாமா எந்தப் பல்கலைக்கழகம்?' எண்டு கேட்டவராம். எல்லாம் ஓடர் பண்ணியாச்சு அப்பா. நூற்றைம்பது லீற்றர், ஸ்டோர் அறையில."

"ஸ்டோர் அறையின்ர அகலம்…" என்று நாகேந்திரம் ஈனமாகத் தொடங்கினார்.

"அளந்தாச்சு. இடம் காணும். உங்களுக்கு எவ்வளவு கரைச்சல் குடுத்திட்டம்! இனி நீங்கள் மினக்கெட்டு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை அப்பா. இஞ்ச சாரங்கன் கூப்பிடுறார், வைக்கிறன்."

வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை.

நாகேந்திரம் கதிரையில் இருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு என்ஜினியர் கேட்டிருக்கிறான். சந்தோசப்படலாமா என்று யோசித்தார். படலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் காதால் கேட்க அவர் அங்கே இருந்திருக்கவில்லை.

"நாடகம் பாக்கிறீர் எண்டு நினைச்சன்," என்றார்.

"பாத்தனான்தானே," என்றாள் பாலேஸ்வரி.

"அப்ப நீர்தான் போறீர்."

"ஓம். ஜனவரி ஒன்பது."

"அங்க உமக்கு என்ன வேலை இருக்கு?"

"வேலையோ? குளிக்கப் போறன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"இருபத்திரண்டு வருசம். ஒவ்வொரு முறையும் அடுத்த வருசம் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனீங்கள். பேந்து வெக்கை எண்டனீங்கள். பேந்து லீவில்லை எண்டனீங்கள். வந்து நிக்கிற ஒரு மாதத்திலையும் அங்க என்ன நடக்குதோ எண்டுதான் ஃபோனைப் பாத்துக்கொண்டிருப்பியள். இப்ப இஞ்சயே வந்த பிறகும் அங்கதான் நிக்கிறியள். என்ர மனிசனை என்னட்டத் திருப்பித் தராமல் வைச்சிருக்கிற ஊர் எது எண்டு எனக்கு ஒருக்கால் பாக்கோணும்."

வெளியே ரயில் ஒன்று போனது. அது பிந்தியதா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கை விரல்களைப் பார்த்தார். ஒரு காலத்தில் சூட்டுக்குத் தோல் தடித்திருந்த விரல்கள், இப்போது பிள்ளைக் கை மாதிரி மெத்தென்றிருந்தன.

"அது சரி," என்றார் கடைசியில். மனிதன் விழுந்த இடத்தில் கையூன்றி எழும்பத்தான் பார்ப்பான். "நியாயம். நீர் போட்டு வாரும். ஆனா அடுத்த முறை? அடுத்த முறை நான்தானே?"

"நீங்கள்தான். அதையும் உஷாவோட கதைச்சு வைச்சிட்டன்."

நாகேந்திரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப?"

"ஜூலை."

"ஜூலையோ?"

"வெக்கை உங்களுக்குப் பழக்கம்தானே."

"ஜூலையில போய் நான் அங்க என்னத்தைச் செய்யிறது? அந்த நேரம் ஹீற்றரே போடமாட்டினமப்பா! தட்டிப் பாக்கவும் வேலையிராது, கழட்டிப் பாக்கவும் வேலையிராது…"

"அதாலதான் ஜூலை," என்றாள் பாலேஸ்வரி. "ஒரு மாதம் ஒண்டையும் தொடாமல் நல்லா ரெஸ்ற் எடுத்திட்டு வாங்கோ."